ஒளி மருந்து – 11: கொப்பரை சுமந்தவர்கள்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலை உச்சியில் சுடர் எழும்போது, திருவண்ணாமலைப் பெரிய கோயில் வாசலில் நிற்கும் கூட்டம் அதை ஒரு பக்கமிருந்து பார்க்கிறது. மலைக்குப் பின்புறம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க்காரர்கள் அதே சுடரை மறுபக்கமிருந்து பார்க்கிறார்கள். பெரிய கோயிலைவிடத் தங்கள் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில்தான் பழையது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நம்பிக்கை. அடியும் முடியும் காண முடியாத நெருப்புத் தூணின் கதை நடந்த மலை இது. ஊரின் பெயரிலேயே 'அடி' இருக்கிறது.

அந்தச் சுடருக்கு முந்தைய நாளே ஒரு வேலை நடந்திருக்கும். பருவதராஜ குலத்தார் தீபக் கொப்பரையைத் தோளில் சுமந்துகொண்டு 2,668 அடி உயர மலையில் ஏறியிருப்பார்கள். பின்னாலேயே நெய், காடாத்துணித் திரி, கற்பூரம் எல்லாம் போகும். சில ஆண்டுகளில் நெய் மட்டும் சுமார் 3,500 கிலோ. திரிக்கு 1,000 மீட்டர் அளவில் துணி. எல்லாமே பாறை வழியில் மனிதத் தோள்களில் ஏற வேண்டும். நெய் அடிவாரத்திலேயே நின்றுவிட்டால் உச்சியில் தீபம் இல்லை. வழியில் சிந்திப் போனாலும் இல்லை.

ஒளியைக் கொண்டு புற்றுநோயைத் தீர்க்கும் மருத்துவத்தின் வரலாற்றிலும் நூறாண்டுகளுக்கு மேலாக இதுதான் சிக்கல். ஒளி கையில் இருந்தது. ஒளி பட்டதும் நஞ்சாக மாறும் சாயமும் 1900-லேயே கையில் இருந்தது. அந்தச் சாயத்தைக் கட்டிக்குள் மட்டும் கொண்டுசேர்க்க ஆள் இல்லை. அந்த ஆளைத் தேடிய கதைதான் இந்தப் பகுதி. அது நெடுந்தொலைவு சுற்றும். ஆனால் தொடங்க வேண்டிய இடம் இந்த மலையடிவாரமே.

இந்தக் கிரிவலப் பாதையில் அதிகம் நடந்தவர்களில் ஒருவர் ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் 1 அன்று இளைஞராக ஊருக்குள் வந்தவர், பிறகு இந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. பின்னாளில் அவருடைய இடது கையில் சிறு கட்டி ஒன்று தெரிந்தது. 1949 பிப்ரவரி 9 அன்று அதை அறுத்து எடுத்தார்கள். கட்டி திரும்ப வந்தது. மார்ச் 27-ல் இரண்டாவது அறுவை. சார்கோமா வகைப் புற்றுநோய் என்பது உறுதியாயிற்று. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 7, டிசம்பர் 19 என்று மேலும் இரு முறை கத்தி பட்டது. ஒவ்வொரு முறையும் கட்டி முன்னிலும் பெரிதாக, முன்னிலும் மேலே எழுந்தது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் இசையவில்லை. உடம்பே ஒரு நோய்தானே, அது தன் போக்கில் முடியட்டும் என்பது அவர் நிலை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு அவர் மூச்சு நின்றது. வெளியே அடியவர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலையை நோக்கிப் போனதைப் பலர் பார்த்தார்கள். அன்று ஆசிரமத்தில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனும் அதைப் பார்த்து நேரத்தைக் குறித்துவைத்தார்.

பக்தர்களுக்கு அந்த ஒளியின் பொருள் தெரியும். அதற்குள் இந்தத் தொடர் புகவில்லை. இங்கே சொல்ல வேண்டியது அந்த ஓராண்டு மருத்துவத்தைப் பற்றி. நான்கு முறை அறுத்தார்கள், கதிர் கொடுத்தார்கள். அன்று உலகில் எங்கே போயிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடியது ஏறக்குறைய அதுதான். கத்திக்குக் கண் இல்லை: கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே தொடங்குகிறது என்பது அறுப்பவரின் விரலுக்கும் கண்ணுக்கும் முழுதாகத் தெரிவதில்லை. விட்டுப்போன சில செல்கள் போதும், கட்டி மறுபடி வளர. ரேடியத்துக்கும் கண் இல்லை. வழியில் இருப்பதையெல்லாம் சுடும்.

கண்ணுள்ள மருந்து ஒன்றுக்கான தடயம் அப்போதே கிடைத்திருந்தது. மகரிஷியின் கையில் கட்டி தெரிவதற்குச் சற்று முன், 1948-ல், அமெரிக்காவின் பால்டிமோரில் ஃபிராங்க் ஃபிக்கி என்ற உடற்கூறியல் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். போர்ஃபிரின் என்னும் சாயத்தை எலிகளுக்குச் செலுத்தினால் அது புற்றுக்கட்டிகளில் அதிகமாகத் தங்குகிறது. புறஊதா விளக்கின் கீழ் கட்டி சிவப்பாக ஒளிர்கிறது. லியோனில் போலிக்கார்ட் 1924-லேயே கட்டிகளில் இந்தச் சிவப்பைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அது இயற்கையாக எழுந்த ஒளிர்வு. ஃபிக்கி அதைச் செயற்கையாக வரவழைத்தார்.

போர்ஃபிரின் நம் உடம்புக்குப் புதிதல்ல. இரத்தத்தின் சிவப்புக்கும் இலையின் பச்சைக்கும் அடியில் இருப்பது ஒரே குடும்பத்து வளையம். இரத்தத்தில் அந்த வளையத்தின் நடுவே இரும்பு, இலையில் மக்னீசியம். நடுவில் உலோகம் இல்லாமல் வெறும் வளையமாக இருக்கும்போது அது ஒளி பட்டால் அடங்காத பொருளாகிவிடுகிறது.

முந்தைய பகுதிகளைப் படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். முனிச் நகரில் ஹெர்மன் ஃபோன் டாப்பைனரின் மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாராமீசியங்களை வைத்துச் சோதித்தார். ஒருநாள் விரைவில் செத்த உயிரிகள் இன்னொரு நாள் நெடுநேரம் பிழைத்திருந்தன. அந்த இன்னொரு நாளில் இடிமழை, வானம் இருண்டிருந்தது. கொன்றது சாயம் மட்டுமல்ல, சாயமும் வெளிச்சமும் சேர்ந்து என்று 1900-ல் அவர் எழுதினார். டாப்பைனர் தோல் புற்றுகளில் இயோசின் தடவி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அந்த வேதியியலில் ஆக்சிஜனும் மூன்றாவது ஆளாக நிற்கிறது என்று காட்டியதும் அவர் கூட்டம்தான். நம் ஊரில் வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி கொடுத்து வெயில் காட்டும் சித்த மருத்துவ வழக்கத்தை முதல் பகுதியிலேயே பார்த்துவிட்டோம். அதில் வேலை செய்யும் சோரலன் வேறு வழியில் செல்லைத் தாக்குகிறது. ஆனால் மருந்தும் வெயிலும் ஒன்றுக்கொன்று துணை என்ற அறிவு பழையது.

இதன் விலை என்ன என்பதைத் தன் முகத்தில் எழுதிக் காட்டியவர் ஃபிரீட்ரிஷ் மேயர்-பெட்ஸ். 1912 அக்டோபரில் 200 மில்லிகிராம் ஹெமட்டோபோர்ஃபிரினைத் தன் நரம்பில் தானே ஏற்றிக்கொண்டார். பிறகு வெயில் பட்டதும் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியது. மாதக்கணக்கில் அவரால் வெளிச்சத்தில் இயல்பாக நடமாட முடியவில்லை. சாயம் எங்கும் பரவியிருந்தது. எங்கெங்கே வெளிச்சம் பட்டதோ அங்கெல்லாம் சுட்டது.

அந்த வீங்கிய முகம்தான் இந்த மருத்துவத்தை அறுபது எழுபது ஆண்டுகள் பின்தொடர்ந்தது.

1960 வாக்கில் மேயோ மருத்துவமனையில் ரிச்சர்ட் லிப்சன், ஹெமட்டோபோர்ஃபிரினைப் பக்குவப்படுத்திய ஒரு கலவையைக் கட்டிகளைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார். மருந்தாக்கும் வேலையை முழு மூச்சில் எடுத்தவர் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் இருந்த தாமஸ் டோகர்ட்டி. அவர் வேதியியலாளர். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஃப்ளோரெசின் சார்ந்த ஒரு சாயத்தைப் போட்டபோது, வெளிச்சத்தில் வைத்தவை செத்துப்போவதைக் கவனித்தார். தேடிப் பார்த்த பிறகுதான் ராபும் டாப்பைனரும் அதே பாதையில் முன்னால் போயிருப்பது அவருக்குத் தெரிந்தது. 1975-ல் எலிகளின் கட்டிகளைக் கரைத்தார். 1978-ல் 25 நோயாளிகளின் 113 கட்டிகளைப் பற்றி எழுதினார். அவற்றில் 111 ஓரளவாவது மருந்துக்கு மசிந்தன. ஃபோட்டோஃப்ரின் என்ற பெயரில் அந்தச் சாயம் 1993-ல் கனடாவிலும் 1995-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

வெற்றிதான். ஆனால் ஃபோட்டோஃப்ரின் செலுத்தப்பட்டவர் குறைந்தது 30 நாள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். பஃபலோவில் பனிக்காலம் நீளம், வீட்டுக்குள் இருந்துவிடலாம். அடி அண்ணாமலை வயல்களில் மணிலாக் கொட்டை பறிக்கும் ஒரு பெண்ணிடம், ஒரு மாதம் வெயிலில் தலைகாட்டாதே என்று எந்த மருத்துவர் சொல்வார்? சொன்னால் அவர் கூலிக்கு என்ன செய்வார்? ஒளி மருத்துவம் நம் நாட்டில் வேர்விடாததற்குக் கருவியின் விலை, லேசர் தெரிந்த மருத்துவர்களின் பற்றாக்குறை என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் வெப்பமண்டலத்து உழைப்பாளியின் உடம்பை மனத்தில் வைத்து அந்த மருந்து வடிவமைக்கப்படவில்லை என்பதே முதற்காரணமாகப் படுகிறது.

இன்னொரு குறை ஒளியின் பக்கம். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடி விளையாடாத பிள்ளைகள் உண்டா? விரலிடுக்கில் சிவப்பு மட்டும் கசியும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பின் ஓரமும்தான் சதையைக் கடக்கின்றன. ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களுக்கு உடம்பு சன்னல் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஃபோட்டோஃப்ரின் விழிப்பது 630-ல், சன்னலுக்குச் சற்று வெளியே. அதனால் அது சில மில்லிமீட்டர் ஆழத்துக்கே உதவியது. மகரிஷியின் கையில் இருந்ததைப் போலத் திரும்பத் திரும்பப் பெருத்து வளரும் சார்கோமாவை அது தீர்த்திருக்கும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சன்னலுக்குள் விழிக்கும் சாயங்களைத் தேடியவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து ராஸ்வெல் பார்க்குக்குப் போன வேதியியலாளர் ரவீந்திர பாண்டே. அவர் எடுத்த மூலப்பொருள் பச்சையம். அதிலும் சுருள்பாசியின் பச்சையம். உடலுக்கு நல்லது என்று மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கப்படுகிறதே, அதே ஸ்பைருலினாதான். நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் அதை வளர்க்கும் பண்ணை இருக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுத்து, பல படிகள் மாற்றி, டோகர்ட்டியும் பாண்டேயும் உருவாக்கிய எச்.பி.பி.எச். என்ற சாயம் 665 நானோமீட்டரில் விழித்தது. ஃபோட்டோஃப்ரின் போல அது தோலில் வாரக்கணக்கில் தங்கிச் சுடவும் இல்லை.

ஆனால் இத்தகைய சாயங்கள் எண்ணெய்க் குணம் கொண்டவை. நீரில் கரையாது, இரத்தமோ நீர். இரத்தத்தில் விட்டால் மூலக்கூறுகள் அடுக்கிவைத்த தட்டுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியவை ஒளியை வாங்கினாலும் வேலை செய்யாமல் அந்த ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகின்றன. சுமப்பவர் தேவைப்பட்டது இங்கேதான்.

பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் குடமும் பாலித்தீன் பையும் நினைவுக்கு வரும். மருத்துவம் அதை வேறு வாசல் வழியாக உள்ளே அழைத்தது. 1970-களில் உடம்பிலேயே கரைந்துபோகும் தையல் நூல்கள் சந்தைக்கு வந்தன. லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கோத்த சங்கிலி அது. வேலை முடிந்ததும் நீரால் அறுந்து, உடம்புக்குப் பழகிய அமிலங்களாகிப் போய்விடும். 1975-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் காகிதத்தில் ஒரு படம் வரைந்தார்: நீண்ட பாலிமர் சங்கிலி, அதில் ஓரிடத்தில் மருந்து, ஓரிடத்தில் கரையவைக்கும் பகுதி, ஓரிடத்தில் போகவேண்டிய முகவரி. அன்று அது கற்பனைதான். 1977-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டேவிஸும் ஆபுகோவ்ஸ்கியும் பாலிஎத்திலீன் கிளைக்காலைப் புரதங்களின் மேல் போர்த்தினார்கள். அந்தப் போர்வை நீரைப் பிடித்துக்கொள்வதால், உடம்பின் காவல் செல்கள் அந்நியரை எளிதில் அடையாளம் காண்பதில்லை. பொருள் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றிவருகிறது.

இப்படிச் சுற்றிவருபவை எங்கே போய்த் தங்கும்? ஜப்பானின் குமமோட்டோவில் ஹிரோஷி மேடாவும் மாட்சுமுராவும் 1986-ல் அதற்கு ஒரு விடை சொன்னார்கள். அவசரமாக வளரும் கட்டி அவசரமாகக் குழாய் போட்டுக்கொள்கிறது. இரத்தக் குழாய்ச் சுவர்களில் இடைவெளிகள் விட்டுப்போகின்றன. கழிவை வடிக்கும் நிணநீர் வழியும் ஒழுங்காக அமைவதில்லை. நல்ல சதையின் சுவரைத் தாண்ட முடியாத பெரிய மூலக்கூறுகள் கட்டியின் ஓட்டைச் சுவர் வழியாக உள்ளே கசிகின்றன. வடிகால் இல்லாததால் தேங்கிவிடுகின்றன. ஏரி மதகு உடைந்து, தாழ்ந்த வயலில் தண்ணீர் நிற்பதுபோல. கட்டியின் குறையே மருந்துக்கு வழியாகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நானோ மருத்துவம் முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல் சாய்ந்து நின்றது.

இனி மிச்சிகன். ஆன் ஆர்பர் நகரின் பல்கலைக்கழகத்தில் ராவுல் கோப்பல்மன் என்ற இயல்வேதியியலாளர் முதலில் புற்றுநோயைத் தேடிப் போகவில்லை. உயிருள்ள ஒரு செல்லுக்குள் அமிலத்தன்மை எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்க விரும்பினார். ஒளிரும் சாயத்தை நேராகச் செல்லுக்குள் விட்டால் அது புரதங்களில் ஒட்டிக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும். ஆகவே சாயத்தை நுண்ணிய பாலிமர் உருண்டைக்குள் பூட்டி, உருண்டையை உள்ளே அனுப்பினார். 1990-களின் இறுதியில் அந்தக் கருவிகள் வந்தன. உருண்டை செய்ய அவர் அதிகம் நம்பிய பொருள் பாலிஅக்ரிலமைடு. உயிரியல் படித்த எவரும் ஆய்வகத்தில் தொட்டிருக்கக்கூடிய பொருள். புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கக் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வார்க்கும் ஜெல் அதுதான். கோக்கப்படாத அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. சங்கிலியாகக் கோத்துவிட்டால் அந்த நஞ்சு அடங்கிவிடுகிறது. நீரைக் குடித்து, பதநீர் நுங்குபோல் நெகிழ்ந்து நிற்கும்.

அளக்கப் போனவர் ஒரு கட்டத்தில் திருப்பி யோசித்தார். செல்லுக்குள் சாயத்தைப் பத்திரமாகக் கொண்டுபோக முடியுமென்றால், கொல்லும் சாயத்தையும் கொண்டுபோகலாமே.

இதே நேரத்தில் பஃபலோவில் இன்னொரு குழு அதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. பீகாரிலிருந்து அமெரிக்கா சென்ற பாரஸ் பிரசாத்தின் ஆய்வகம், டோகர்ட்டியையும் சேர்த்துக்கொண்டு, 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் எடுத்தது கரிமப் பொருள் கலந்த சிலிகா. கறாராகச் சொன்னால் அதைப் பாலிமர் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அதில் இருந்த ஒரு கருத்து எல்லாருக்கும் பொதுவாயிற்று, அதற்காகவே இங்கே நிற்கத் தோன்றுகிறது. வழக்கமான மருந்தைச் சுமக்கும் துகள், போய்ச் சேர்ந்த இடத்தில் மருந்தை வெளியே விட வேண்டும். முன்னால் விட்டால் நஞ்சு பரவும். விடாமலே போனால் வீண். ஒளிச் சாயத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. துகளின் நுண்துளைகள் வழியே ஆக்சிஜன் உள்ளே வருகிறது. சாயம் ஒளியை வாங்கி அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. வெறிகொண்ட அந்த ஆக்சிஜன், வேதியியலார் சிங்லெட் ஆக்சிஜன் என்பது, அதே துளை வழியே வெளியேறிச் சென்று கடிக்கிறது. செல்லுக்குள் அதன் ஆயுள் நொடியில் பத்து லட்சத்தில் சில பங்குதான். ஒரு செல்லின் அகலத்தைக்கூடக் கடக்காமல் அடங்கிவிடும். சரக்கை இறக்காமலே வேலையை முடிக்கும் கப்பல் இது. எங்கே துகள் இருக்கிறதோ, எங்கே ஒளி விழுகிறதோ, எங்கே ஆக்சிஜன் உண்டோ, அந்த மூன்றும் கூடும் புள்ளியில் மட்டும் சாவு.

கோப்பல்மன் குழு 2006-ல் சுமார் 40 நானோமீட்டர் பாலிஅக்ரிலமைடு உருண்டைகளில் இரண்டு சுமை ஏற்றியது. ஒன்று ஃபோட்டோஃப்ரின். மற்றொன்று இரும்பு ஆக்சைடு, எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி இருக்கும் இடத்தைத் தெளிவாகக் காட்ட. மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்வை. அதன் நுனியில் எஃப்-3 என்ற சிறு பெப்டைடு. கட்டியின் புதிய இரத்தக் குழாய்ச் செல்களின் மேல் தெரியும் நியூக்ளியோலின் என்ற புரதத்தைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும் முகவரிச் சீட்டு. ரிங்ஸ்டார்ஃப் முப்பது ஆண்டுக்கு முன் காகிதத்தில் வரைந்த படம் ஏறத்தாழ அப்படியே கையில் வந்துவிட்டது. மூளைக்கட்டி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அதைச் செலுத்தி, மண்டைக்குள் மெல்லிய ஒளியிழை வழியே சிவப்பு ஒளி விட்டார்கள். முகவரி உள்ள உருண்டை பெற்ற எலிகள், முகவரி இல்லாதது பெற்றவற்றையும் வெறும் ஃபோட்டோஃப்ரின் பெற்றவற்றையும்விட நெடுநாள் வாழ்ந்தன.

பார்ப்பதும் கொல்வதும் ஒரே உருண்டையில். கத்திக்குக் கண் இல்லை என்று 1949-ன் கதையில் சொன்னோமே, அந்தக் குறைக்கு இது நேரான பதில்.

மிச்சிகன் குழு இன்னும் எளிதான ஒன்றையும் செய்து பார்த்தது. ஆய்வக ஜெல்லில் புரதங்களைக் காட்டும் கூமாசி நீலத்தையே பாலிஅக்ரிலமைடு உருண்டையில் பிணைத்து, மூளைக்கட்டியை நீலமாக்கினார்கள். தனி விளக்கு வேண்டாம், கேமரா வேண்டாம், அறுக்கும் மருத்துவர் வெறும் கண்ணால் பார்த்தே ஓரத்தை அறியலாம். பகட்டில்லாத இந்த யோசனைதான், விலையுயர்ந்த கருவிகள் வாங்க முடியாத மருத்துவமனைகளுக்கு அதிகம் பொருந்தும் என்று தோன்றுகிறது.

பாண்டேயும் கோப்பல்மனும் சேர்ந்தபோது சுருள்பாசிச் சாயமும் மிச்சிகன் உருண்டையும் சேர்ந்தன. கொல்லும் எச்.பி.பி.எச்., படம் காட்டும் சயனின் சாயம் என இரண்டையும் ஒரே உருண்டையில் ஏற்ற முயன்றார்கள். இங்கே எதிர்பாராத இடைஞ்சல். இரண்டு சாயங்களும் நெருங்கி இருந்தால் ஒன்று வாங்கிய ஆற்றலை மற்றதிடம் தள்ளிவிடுகிறது. ஒரே வீட்டில் சம்பாதிப்பவர் கொண்டுவருவதை இன்னொருவர் செலவழிப்பதுபோல, கொல்லும் சாயத்துக்கு வந்த ஒளி படம் காட்டும் சாயத்துக்குப் போய்விடுகிறது. ஆக்சிஜனுக்கு மிஞ்சுவது குறைவு. எது எத்தனை பங்கு, முதலில் எதை ஏற்றுவது, உருண்டை செய்யும்போதே உள்ளே வைப்பதா, செய்த பிறகு ஊறவைப்பதா என்று பல விதமாகச் செய்து பார்த்தார்கள். பிறகு ஊறவைப்பதே நல்லது என்று 2012-ல் எழுதினார்கள். ஊறுகாய் போடும் பக்குவம் தெரிந்த வீடுகளுக்கு இதில் வியப்பு இருக்காது.

இத்தனைக்குப் பிறகும் அந்த உருண்டைகள் ஆய்வகக் கூண்டுகளைத் தாண்டி மருத்துவமனை அலமாரிக்கு வரவில்லை. ஏன் என்பதற்கு ஒரு கசப்பான எண் இருக்கிறது. கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழு, பத்தாண்டுகளில் வெளியான நானோ மருந்து ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டு 2016-ல் வெளியிட்டது: செலுத்தப்பட்ட துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடு மதிப்பில் 0.7 விழுக்காடு. மீதியைப் பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மேடா சொன்ன ஓட்டைச் சுவர் எலிக் கட்டியில் தாராளமாக இருக்கிறது. மனிதக் கட்டியில் ஆளுக்கு ஆள், ஒரே ஆளின் கட்டிக்குக் கட்டி வேறுபடுகிறது. 3,500 கிலோ நெய்யில் 25 கிலோ மட்டும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன தீபம் எரியும்?

ஆனால் ஒளி மருத்துவத்துக்கு இந்த எண் மற்ற மருந்துகளுக்குத் தருகிற அளவு தோல்வியைத் தருவதில்லை. கல்லீரலில் சிக்கிய துகள்மேல் யாரும் ஒளி விடப்போவதில்லை. இருட்டில் அது வெறும் உருண்டை. சுமை தவறிய இடத்தில் தீப்பற்றாது என்பதே இந்த வழியின் பலம், இந்த ஆய்வாளர்கள் மனம் தளராததற்கும் அதுவே காரணம்.

சுமப்பவர் வழி மருந்து எதுவும் கரை சேரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கொழுப்பு உருண்டையில் ஏற்றிய வெர்ட்டிபோர்ஃபின் 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுக்காக அல்ல, முதியவர் பார்வையைப் பறிக்கும் விழித்திரைக் கோளாறுக்காக. அதன் பின்னணியில் உழைத்தவர்களில் ஒருவர் பாஸ்டனைச் சேர்ந்த தய்யபா ஹசன். ஒளி இல்லாத பக்கத்தில், பாலிமர் நுண்ணுருண்டையில் பேக்லிடாக்ஸல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய நானாக்ஸல் என்ற மருந்தை 2007-ல் இந்தியாவிலேயே டாபர் பார்மா விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேக்லிடாக்ஸலைக் கரைக்க அதுவரை பயன்பட்ட எண்ணெய்க் கரைப்பான் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தந்தது; பாலிமர் அந்தக் கரைப்பானைத் தேவையற்றதாக்கியது. அமர்நாத் மைத்ரா என்ற டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியரின் உழைப்பு அதில் உண்டு.

தய்யபா ஹசனின் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வர வேண்டும். புகையிலையும் பாக்கும் மெல்லும் நாட்டில் வாய்ப்புற்று எப்படி மலிந்திருக்கிறது என்பது எந்த அரசு மருத்துவமனை வெளிநோயாளர் வரிசையில் நின்றாலும் தெரியும். அதில் தொடக்க நிலையில் இருப்பவை மேலோட்டமானவை, வாயைத் திறந்தால் ஒளி எட்டும். 1990-ல் கனடாவின் கிங்ஸ்டனில் ஜேம்ஸ் கென்னடியும் ராய் பாட்டியரும் ஒரு வழி காட்டியிருந்தார்கள். சாயத்தைச் செலுத்தவே வேண்டாம். இரத்தச் சிவப்பின் இரும்பு வளையமான ஹீமைச் செய்ய உடம்பு பயன்படுத்தும் ஏ.எல்.ஏ. என்ற சிறு மூலக்கூறைக் கொடுத்தால், செல்லே தனக்குள் போர்ஃபிரினைச் செய்து குவிக்கும், புற்றுச் செல்கள் அதிகமாகக் குவிக்கும். ஓரிரு நாளில் அது கழிந்தும்விடும். 30 நாள் வெயில் விலக்கு இல்லை.

ஹசனும் பாஸ்டனின் ஜொனாதன் செல்லியும் இதை எடுத்துக்கொண்டு, லேசருக்குப் பதில் மலிவான எல்.இ.டி. விளக்கு, மின்வெட்டு வந்தாலும் நிற்காமலிருக்கப் பேட்டரி, வாய்க்குள் பொருந்த முப்பரிமாண அச்சில் எடுத்த குழாய்கள், கட்டியின் சிவப்பு ஒளிர்வைப் படமெடுக்க ஸ்மார்ட்போன் என்று ஒரு கருவி செய்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியில், தொடக்க நிலை வாய்ப்புற்று உள்ளவர்களிடம் அதைச் சோதித்தார்கள். நோயாளி மருந்தைக் குடித்துவிட்டுக் காத்திருப்பார். போன் திரையில் கன்னத்தின் உட்புறம் சிவக்கும். பிறகு அந்தச் சிவப்பின் மேல் 635 நானோமீட்டர் ஒளி. ஒளி விடும்போதே சிவப்பு மங்குவதையும் போன் காட்டும். சாயம் செலவாகிவிட்டது, வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று. 2020-லும் 2022-லும் முடிவுகள் வெளியாயின. பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி மறைந்தது.

இந்த வழியில் சுமப்பவரே இல்லை, உடம்பே சமைத்துக்கொள்கிறது. ஆனால் சில மில்லிமீட்டருக்குள் இருக்கும் புற்றுக்குத்தான் இது ஆகும். ஆழத்தில் இருப்பவற்றுக்கும், ஆக்சிஜன் வற்றிப்போன கட்டியின் நடுப்பகுதிக்கும் பாலிமர் உருண்டைகளைத்தான் இன்னும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. சாயத்தோடு ஆக்சிஜனையும் சேர்த்துச் சுமக்கும் உருண்டைகள், கட்டியின் அமிலத்தில் மட்டும் அவிழ்பவை என்று ஆய்வகங்கள் புதிது புதிதாகச் செய்துகொண்டிருக்கின்றன. இந்தப் பாதையை விட்டு விலகி, பாலிமருக்குப் பதிலாக எதிர்ப்புப் புரதத்தின் முதுகிலேயே சாயத்தை ஏற்றும் இன்னொரு வழிக்கு, 2020 செப்டம்பரில் ஜப்பான் உலகின் முதல் அனுமதியையும் கொடுத்துவிட்டது. அந்தச் சாயம் விழிப்பது 690 நானோமீட்டரில், சன்னலுக்கு நன்றாக உள்ளே. அதை உருவாக்கிய ஹிசதக்கா கோபயாஷியின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)